நாலாவது தலைமுறை என்று ஒரு வரி

போன வருஷம் மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அத்தை போன் செய்தார். "தாம்பரத்துலதானே போடப் போறே? நாலாவது தலைமுறைன்னு ஒரு லெட்டர் எழுதி அப்ளிகேஷனோட வை. சர்ச் ஆயர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு."

எங்கள் வீட்டில் தாம்பரம் என்றால் ஊர் இல்லை, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. தாத்தா சேர்ந்தது 1951, அப்பா 1975, நான் 2000. பள்ளி முடித்து இரண்டு வருஷ இன்டர்மீடியட் படிக்கத் தாத்தா, அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷ பி.யு.சி. படிக்க அப்பா, பிளஸ் டூ முடித்துவிட்டு நான். படிப்பு முறை இரண்டு தடவை மாறியும் நாங்கள் போய்ச் சேர்ந்த இடம் மாறவில்லை.

லெட்டர் எழுத மாட்டேன் என்றேன். அத்தைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. சொந்தத்தில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தாத்தா மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவர். அவருடைய அப்பா உபதேசியார், கிராமத்துச் சபையில் வேதம் சொல்லிக்கொடுப்பவர். சம்பளம் என்று பெயருக்கு ஏதோ வரும். அப்படி ஒரு கல்லூரி இருப்பதே பள்ளித் தலைமையாசிரியர் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும். பாசஞ்சர் ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, தகர டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். அந்தப் பெட்டி இன்றும் எங்கள் பரண்மேல்தான் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் பெயர், அதற்குக் கீழே பிஷப் ஹீபர் ஹால் என்று கல்லூரி விடுதியின் பெயர். ஒரு கீல் போய்விட்டது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம். மெஸ் பில் கட்ட முடியாமல் போன மாதங்களில் ஹால் வார்டன் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்காகப் பேச ஒரு தலைமுறைகூடப் பின்னால் இல்லை. இருந்தும் உள்ளே விட்டார்கள்.

அது அந்த இடத்துக்குப் புதிதும் இல்லை. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னையில் ஒரு சிறிய பள்ளியாகத்தான் இதைத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தார் என்று பிரச்சினை கிளம்பியது. அவர்களை வெளியே அனுப்பு, இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றார்கள் மேல்சாதிப் பெற்றோர். ஆண்டர்சன் அசையவில்லை. பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் விலகிப் போனார்கள். அன்றைக்கு அவர் கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால்? என் தாத்தாவின் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்களின் நினைவு வரும். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

1862-இல் வந்த வில்லியம் மில்லர்தான் அந்தப் பள்ளியைக் கல்லூரியாக வளர்த்தார். 1937-இல் பாரிமுனையில் இடம் போதாமல் தாம்பரம் காட்டுக்கு வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகம் முழுக்க மரம் வைத்தார்கள். "எங்க காலத்துல இத்தனை நிழல் கிடையாதும்மா" என்பார் தாத்தா. அதே பாதையில் நான் மூன்று வருஷம் வெயிலே படாமல் வகுப்புக்குப் போயிருக்கிறேன். குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வந்த டே ஸ்காலர் நான். ஹால் வாழ்க்கை வாய்க்கவில்லை என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் அங்கே எழும் மண்வாசனையை வேறெங்கும் நான் கண்டதில்லை. அதனால் அந்தக் கல்லூரிமேல் பாசம் இல்லாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

குடும்பத்தில் ஒருவர் படித்த இடம் அடுத்தவருக்கு உதவுவது நல்ல விஷயம்தான். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் இதே கல்லூரியில்தான் தத்துவம் படித்தார். புத்தகம் வாங்கக் காசில்லாத நேரத்தில், அங்கே படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தாராம். பாடமும் அதனாலேயே முடிவாகிவிட்டது. புத்தகம் கொடுக்கலாம், வழி சொல்லலாம், எந்த ஆசிரியரிடம் போய் நிற்க வேண்டும் என்று காட்டலாம். என் மகளுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்தே கிடைத்திருக்கிறது. வீட்டில் பேசப் பட்டதாரிகள், பேப்பர், நெட், டியூஷன். இவ்வளவும் போதாதென்று மேலே ஒரு லெட்டரும் வைத்தால், அதே வரிசையில் மதுராந்தகத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து நிற்கிற பிள்ளை என்ன செய்யும்? அது கொண்டுவந்திருப்பது மார்க் ஷீட் மட்டும்தானே. கல்லூரி அந்த லெட்டரைப் படிக்குமா, ஓரமாக வைக்குமா என்பது வேறு. நான் அதை எழுதக் கூடாது. எழுதினால் தாத்தா நின்ற இடத்தில் இன்று நிற்கிற பிள்ளையை நானே தள்ளிவிடப் பார்க்கிறேன் என்றுதான் அர்த்தம்.

நம் சபைகளில் பழைய குடும்பம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிப்பதில்லை. மூன்று தலைமுறை படித்துவிட்டால் கல்லூரி நமக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததாகிவிடுமா? அந்தப் பாசத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால், வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷ ஹாஸ்டல் பில்லைக் கட்டுங்கள். அன்று வார்டன் பொறுத்துக்கொண்ட மெஸ் பாக்கி எங்கள் குடும்பக் கணக்கில் இன்னும் நிற்பதாகத்தான் நான் நினைக்கிறேன்.

அத்தையின் கோபத்துக்கு வருகிறேன். அது எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர், மார்க்கும் அவர்தான் அதிகம். தாம்பரத்தில் 1939-இலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இருந்தும் தாத்தா அத்தையை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார், அப்பாவைக் கல்லூரிக்கு அனுப்பினார். கதவு திறந்திருந்தது, மகளை அதுவரை கூட்டிப்போகத்தான் என் தாத்தாவுக்குத் தோன்றவில்லை. நாலு தலைமுறை என்று அத்தை எண்ணும்போது அந்தக் கணக்கில் அவர் பெயர் கிடையாது. அதை அவரும் அறிவார். எனக்கு இடம் கிடைத்த அன்று ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தவர் அவர்தான்.

மகள் லெட்டர் இல்லாமலே போட்டாள். கேட்ட பாடம் கிடைக்கவில்லை. அதே பாடத்தில் நகரத்தில் வேறொரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டலும் அங்கேயே. இரண்டு நாள் அழுதாள். எனக்கும் தூக்கம் வரவில்லை, அதை மறைப்பானேன்.

கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் அத்தை வந்தார். என்னிடம் பேசவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் துருவை எல்லாம் தேய்த்து எடுத்தார், கடைக்கு ஆளனுப்பிப் புதுக் கீல் வாங்கிப் போட வைத்தார். மூடியில் இருந்த எழுத்துமேல் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொண்டார். பெட்டி இப்போது மகளின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.