புது நியூரான், பழைய ஜீன்கள்

“குழந்தை பிறந்த பிறகும் மூளையில் புது நியூரான்கள் (நரம்புச் செல்கள்) பிறக்கின்றன, அவற்றில் புது ஜீன்கள் உருவாகின்றன” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. 1965-இல் ஆல்ட்மன், தாஸ் என்ற ஆய்வாளர்கள் எலி மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இதைக் காட்டிவிட்டார்கள். இரண்டாம் பாதி தவறு. தாய்ச்செல்லில் இருந்த அதே டி.என்.ஏ.தான் புது நியூரானிலும் இருக்கிறது. எந்த ஜீன் எப்போது இயங்குகிறது என்பதுதான் மாறுகிறது.

எலியின் ஹிப்போகேம்பஸில் உள்ள டென்டேட் கைரஸ் என்ற பகுதியில், ஒரு செல் ஸ்டெம் செல்லாக (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லாக) இருக்கும்வரை சாக்ஸ்2 என்ற ஜீன் ஓங்கியிருக்கும். நியூரானாகும் பாதையில் அது அடங்கி, நியூரோடி1 என்ற ஜீன் தலைதூக்கும். பிராக்ஸ்1 என்ற ஜீன் இல்லாவிட்டால் அந்தச் செல் கிரானுல் செல் (டென்டேட் கைரஸின் முக்கிய நியூரான் வகை) என்ற அடையாளத்தையே தக்கவைக்காது. டபுள்கார்ட்டின் என்ற புரதம் சில வாரங்களுக்கு மட்டும் வந்து போகிற விருந்தாளி.

சுவாரசியம் என்னவென்றால், காபா என்ற மூளை வேதிப்பொருள் முதிர்ந்த நியூரானை அடக்கும், ஆனால் இளம் நியூரானைத் தூண்டும். அந்தத் தூண்டல் கிரெப் என்ற புரதம் வழியாக ஜீன்களைத் தொடுகிறது; கிரெப் முடங்கினால் பல இளம் செல்கள் பிழைப்பதில்லை. பிறகு கேசிசி2 என்ற புரதம் கூடி, செல்லிலிருந்து குளோரைடை வெளியேற்றும்போது காபாவின் வேலை தலைகீழாகும்.

இவை பெரும்பாலும் எலிகளில் கண்டவை. வயதுவந்த மனிதர்களில் புது நியூரான்கள் எவ்வளவு என்பதில் 2018-இல் வந்த ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ‘மூளையை வளர்க்கும் மாத்திரை’ விற்பவர்கள் மட்டும் இதைச் சொல்வதேயில்லை.