காந்திமதிக்கும் மகாத்மா காந்திக்கும் என்ன உறவு?

“காந்தி மேல் இருந்த பற்றால் நெல்லைக்காரர்கள் பெண் குழந்தைகளுக்குக் காந்திமதி என்று பெயர் வைத்தார்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

காந்திமதி, நெல்லையப்பர் கோயில் அம்மனின் பெயர். காந்தி என்ற வடசொல்லுக்கு ஒளி, அழகு என்று பொருள். ‘மதி’ இங்கே நிலா அல்ல. உடையவள் என்று சொல்லும் விகுதி. அதே அம்மனை வடிவுடையம்மை என்றும் அழைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள்தான். மகாத்மாவின் காந்தியோ குஜராத்திக் குடும்பப் பெயர். வாசனைப் பொருள், மளிகை வணிகத்தோடு தொடர்புடையது. உச்சரிப்பும் வேறு. தமிழில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே ‘தி’ என்பதால் வந்த குழப்பம் இது.

காலமும் ஒத்துவரவில்லை. காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியது 1915-இல். அழகிய சொக்கநாதப் பிள்ளை காந்திமதியம்மை பிள்ளைத்தமிழ் பாடியது 19-ஆம் நூற்றாண்டில். சிறுவன் பாரதியை எட்டயபுரத்தில் வம்புக்கு இழுத்ததாகச் சொல்வார்களே, அவர் பெயரும் காந்திமதிநாதன்தான்!

ஐப்பசித் திருக்கல்யாணம் பார்த்து வளரும் ஊரில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் இறந்துபோன கோயில் யானைக்கும் அதே பெயர்தான்.