ஈ.கோலையிடம் லைசோசைம் தனியாகச் செல்லாது
முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமைத் தீவனத்தில் கலந்தால் பால் மறந்த பன்றிக்குட்டிகளின் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது என்று சொல்வது பாதிதான் சரி. லைசோசைம் பாக்டீரியா செல்சுவரின் பெப்டிடோகிளைக்கனை வெட்டும் நொதி. வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் அது நன்றாகவே எடுபடும். ஆனால் தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரத்தில் குட்டிகளைக் கழியவைப்பது பெரும்பாலும் எஃப்4, எஃப்18 வகை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. அதன் வெளிச்சவ்வு நொதியை உள்ளே விடாது. பாலிலுள்ள லாக்டோஃபெரின் என்ற புரதம் அந்தச் சவ்வைத் தளர்த்தும், கிருமிக்கு வேண்டிய இரும்பையும் பிடித்துவைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடலாம், விலையோ கட்டாயம் கூடும். தீவனத்தைக் குருணையாக்கும்போது படும் 70–85 டிகிரி நீராவிச் சூட்டை லைசோசைம் ஓரளவு தாங்கும். லாக்டோஃபெரினும், இதேபோல் தீவனத்தில் சேர்க்கும் முட்டை மஞ்சள்கரு ஆன்டிபாடியும் (நோய் எதிர்ப்புப் புரதம்) வீரியம் இழக்கும். அவற்றை மாவுத் தீவனத்தில் கலக்கலாம், அல்லது ஆறிய குருணைமேல் தெளிக்கலாம். கிருமியைக் கொல்லும் பெப்டைடுக்கு, அதாவது சிறு புரதத் துண்டுக்கு, "எதிர்ப்புத்திறன் வராது" என்று சிலர் சொல்கிறார்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் பெப்டைடுதானே! அதை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனப் பன்றிகளில் கண்டதாக 2015-லேயே அறிவித்தார்கள். செலவில்லாத புரதம் தாய்ப்பாலின் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி. குட்டிகளை 21 நாளில் தாயிடமிருந்து பிரிக்கும் பண்ணைகள் முதலில் அதை 28 ஆக்கிப் பார்க்கட்டும், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதியும் அதுதான்.