எத்தனை கிராம் என்று கேட்காதே தம்பி

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். ஹாஃப் மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி 6 நிமிடத்தில் முடிப்பவன். நேற்று இரவு பதினோரு மணிக்கு மூன்று ஷூ படங்களை அனுப்பி, "அண்ணே, ரேஸுக்கு கார்பன் எடுக்கலாம்னு இருக்கேன், இதுல எது பெஸ்ட்டு?" என்று கேட்டிருந்தான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவனே ஒரு எண் போட்டிருந்தான். 185, 198, 214. எல்லாம் கிராம். வேறு ஒரு விவரமும் இல்லை. கார்பன் என்று அவன் சொல்வது, அடிப்பாக ஃபோமுக்குள் கார்பன் ஃபைபர் தகடு (பிளேட்) வைத்த பந்தய ஷூவை. பதில் அடிக்க ஆரம்பித்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை மாதம் நாலு பேர் கேட்கிறார்கள், பொதுவிலேயே எழுதிவிடலாம் என்று இங்கே கொட்டுகிறேன்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் முதல் கார்பன் ஷூ வந்த அன்று பெட்டியைப் பிரித்த கையோடு சமையலறைத் தராசில்தான் ஏற்றினேன். வலது 188, இடது 191. இடதுக்கு மட்டும் ஏன் மூன்று கிராம் கூட என்று லேஸை உருவிவிட்டு மறுபடி நிறுத்துப் பார்த்தேன். காலில் மாட்டியது அதற்கப்புறம்தான். மாட்டிக்கொண்டு ஹாலில் நாலு குதி குதித்தேன், மெத்தை மேல் குதித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் என் பரிசோதனை.

மாரத்தான் அன்று முதல் 20 கிலோமீட்டர் சொர்க்கம். 24ல் இடது பாதத்தின் உள்வளைவில் ஏதோ உரச ஆரம்பித்தது. சாக்ஸ் மடிந்திருக்கும் என்று நினைத்தேன். 27ல் அது எரிச்சல். 31ல் நடந்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் உள்பக்கம் செம்மண் நிறத்தில் நனைந்திருந்தது. கொப்புளம் உடைந்து அதன் மேலேயே நாலு கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். ஷூவைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளிப்பக்க ஃபோம் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. உள்பக்கத்தில் மட்டும் வரி வரியாகச் சுருக்கம். களைத்தபின் என் பாதம் உள்பக்கமாகச் சாயும். அந்த ஷூவின் அடிப்பாகமோ நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி செதுக்கப்பட்டது. எடையைக் குறைக்க அவர்கள் வெட்டி எடுத்த இடம், சரியாக என் பாதம் போய்ச் சாய்கிற இடம்.

எடையால் லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான சக்திச் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது; பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு இது. தம்பியின் பட்டியலில் லேசானதற்கும் கனமானதற்கும் 29 கிராம்தான் வித்தியாசம். அதாவது 0.3 சதவீதம். அது அப்படியே நேரத்தில் இறங்கினாலும் அவனுடைய ஹாஃபில் 23 விநாடி. லேஸ் அவிழ்ந்து குனிந்து கட்டினால் போய்விடும்.

அடுத்து அந்த கார்பன் பிளேட். "உள்ளே ஸ்பிரிங் மாதிரி தகடு இருக்கு, அதுதான் தூக்கி விடுது" என்றுதான் பலரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். ஒரு ஆராய்ச்சியில் நைக்கியின் வேப்பர்ஃபிளை என்ற கார்பன் ஷூவை எடுத்து, முன்பாதப் பகுதியில் பிளேட்டைக் குறுக்கே ஆறு இடத்தில் அறுத்துவிட்டார்கள். அறுத்ததையும் அறுக்காததையும் ஓடவிட்டு அளந்தால், சக்திச் செலவில் வித்தியாசம் அரை சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு அது பெரிய வித்தியாசமும் இல்லை. அப்படியானால் வேலை செய்வது எது? பெரும்பாலும் ஃபோம்தான். 2017ல் வந்த முதல் வேப்பர்ஃபிளையின் ஃபோம் பீபா வகை, லேசான, துள்ளலான ஒரு பிளாஸ்டிக் ஃபோம். அமுக்கிய சக்தியில் 87 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதோடு ஒப்பிட்ட அன்றைய இரண்டு பந்தய ஷூக்களில் ஒன்று 76, இன்னொன்று 66 சதவீதத்தை ஒட்டி. அவ்வளவு மெத்தென்ற ஃபோமை அவ்வளவு உயரத்துக்கு அடுக்கினால் பாதம் தள்ளாடும். பிளேட் அதற்கு ஒரு முதுகெலும்பு மாதிரி. முன்பாதம் மடங்காமல் உருண்டு போகவும் உதவுகிறது. ஆகையால் "கார்பன்" என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரண இ.வி.ஏ. ஃபோமுக்கு நடுவில் ஒரு தகட்டைச் செருகி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கல் மாதிரி இருக்கும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஃபோம் என்ன?

வேப்பர்ஃபிளை போட்டால் சக்திச் செலவு 4 சதவீதம் குறையும் என்ற அந்தப் புகழ்பெற்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 நல்ல ஓட்டக்காரர்களை வைத்து அளந்தது அது. ஓடிய வேகம் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர். 14 என்றாலே கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 17 விநாடி. எங்கள் குழுவில் அந்த பேஸில் ஒரு ஹாஃபை முடிக்க இரண்டே பேரால்தான் முடியும். 2023ல் வந்த இன்னொரு ஆய்வில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 12 கிலோமீட்டரில் சராசரி லாபம் 1.4 சதவீதம், 10 கிலோமீட்டரில் 0.9. அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். தம்பி, உன் பேஸ் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், அதாவது சரியாக மணிக்கு 10. உன் கணக்கில் இந்த ஷூ முழுசாக வேலை செய்தாலும் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

அதே ஆண்டு இன்னொரு குழு கென்யாவின் முன்னணி வீரர்களையும் ஐரோப்பிய அமெச்சூர் ஓட்டக்காரர்களையும் வைத்து அளந்தது. கென்ய வீரர்களில் ஒருவருக்கு 11 சதவீதம் லாபம், இன்னொருவருக்கு 11 சதவீதம் நஷ்டம். உலகத்தரத்தில் ஓடுகிறவர்களுக்கே இந்தக் கதி! ரெவ்யூ வீடியோவில் ஒருவர் "பறக்குது ப்ரோ" என்றால் அவர் காலுக்குப் பறக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்காதே என்கிறாயா அண்ணே என்று கேட்பான். இல்லை. வாங்கு. நானும் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன், முதலாவதை விட 27 கிராம் கனம். அடுத்த மாரத்தானில் 15 நிமிடம் முன்னேறினேன். அந்த 15ல் ஷூவுக்கு எவ்வளவு, கூட ஓடின ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம், 31வது கிலோமீட்டரில் நான் நடக்கவில்லை. ரேஸ் ஷூவை எடுக்கிறவன் கேட்க வேண்டியது இதுதான்: நான் களைத்துப்போய், தலை தொங்கி, அடி தாறுமாறாக விழும்போது இந்த ஷூ என்னை எங்கே தள்ளும்?

அதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒற்றைக் காலில் நில். அரை நிமிடம். கணுக்கால் உள்ளேயும் வெளியேயும் ஆடி ஆடிச் சமாளித்தால், கடைசி பத்து கிலோமீட்டரில் அது இன்னும் ஆடும். ஷூவைக் கவிழ்த்து நடுப்பகுதியின் அகலத்தைப் பார். என்னைப் போல உள்பக்கம் சாய்கிறவர்களுக்கு அந்த இடுப்பு ஒடுங்கியிருந்தால் வேண்டவே வேண்டாம். பிறகு குதிகால். இந்த ஷூக்களில் எடையைக் குறைக்க பின்பக்கத்தை வெறும் துணியாகத்தான் வைக்கிறார்கள், கெட்டியான கிண்ணம் பல மாடல்களில் கிடையாது. வழக்கமான முடிச்சில் குதிகால் தூக்கினால், மேலே உள்ள கடைசி ஓட்டையில் லேஸை வளையமாக்கி அதன் வழியே எதிர் லேஸை இழுத்துக் கட்டிப் பார். அப்படியும் வழுக்கினால் அந்த ஷூ உனக்கானது இல்லை. முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும், ஏனென்றால் நெடுநேரம் ஓடினால் பாதம் வீங்கும். மாலையில் போய்ப் பார், ரேஸில் போடப்போகிற அதே சாக்ஸோடு. அளவு எண் எப்போதும் வாங்குகிறதுதான் என்று ஆன்லைனில் தட்டிவிடாதே. ரேஸ் ஷூக்கள் பல நேரம் அன்றாட ஷூவை விடக் குறுகலாக இருக்கும். என் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து முளைத்த கதை அதில்தான் ஆரம்பம்.

அடிப்பக்க ரப்பரை யாருமே பார்ப்பதில்லை. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் தரை முழுக்க ஈரமும் நசுங்கிய கோப்பைகளுமாக இருக்கும். 40 மில்லிமீட்டர் உயர அடிப்பாகத்தின் மேல் நின்றுகொண்டு அதில் காலை வைக்க வேண்டும். ரப்பர் காகிதம் மாதிரி இருந்தால் சறுக்கும். ஒருமுறை யூ டர்னில் எனக்கு ஒரு கால் ஒரு அடி தூரம் தனியாகப் போய்விட்டு வந்தது. விழவில்லை. விழுந்திருந்தால் இந்தப் பதிவின் தலைப்பே வேறு.

அந்த 40 மில்லிமீட்டர் என்பது உலகத் தடகள அமைப்பு 2020ல் சாலை ஓட்டத்துக்கு வைத்த உச்ச உயரம், கூடவே ஒரு பிளேட்டுக்கு மேல் கூடாது. 2021 வியன்னா மாரத்தானில் டெராரா ஹுரிசா 2:09:22ல் முதலாவதாக வந்தார். ஷூவை அளந்தால் 50 மில்லிமீட்டர், பட்டம் பறிபோனது. நம்மைப் பெரும்பாலும் யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப்போவதில்லை. ஆனால் உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும், அதற்கு நடுவர் தேவையில்லை.

எடை வெறிக்கு ஓர் உதாரணம் 2023ல் வந்த அடிடாஸ் அடியோஸ் புரோ ஈவோ 1. ஒரு ஷூ 138 கிராம். அதைப் போட்டுத்தான் டிகிஸ்ட் அசெஃபா பெர்லினில் 2:11:53 ஓடி அப்போதைய பெண்கள் உலக சாதனையைப் படைத்தார். அந்த ஷூ ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் பழகிக்கொள்கிற ஓட்டத்துக்கும்தான் என்று செய்தவர்களே சொன்னார்கள். அசெஃபாவுக்கு அது நியாயமான பேரம். நமக்கு? வாங்கின ஷூவில் பழகவே மூன்று ஓட்டம் வேண்டுமே.

பழகுவது என்றால் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு நடப்பது இல்லை. ஒரு டெம்போ (கொஞ்சம் கஷ்டப்பட்டு ஒரே வேகத்தில் தாங்கிப் பிடிக்கிற ஓட்டம்), ரேஸ் பேஸில் சில கிலோமீட்டர் கலந்த ஒரு லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்), கடைசி வாரத்தில் ஒரு சின்ன ஓட்டம். எல்லாம் சேர்ந்து 40, 50 கிலோமீட்டர் போதும். முதல் தடவைக்கு மறுநாள் கெண்டைக்கால், குதிகால் தசைநாண், பாத நடு எலும்பு எங்கேயாவது புது இடத்தில் வலிக்கிறதா என்று தடவிப் பார். கார்பன் ஷூவில் ஓடிய ஐந்து பேருக்குப் பாதத்தின் நடுவில் உள்ள நாவிகுலர் என்ற எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஷூ ஒரு மூட்டின் வேலையைக் குறைத்தால் அந்தப் பாரம் மாயமாகிவிடாது, வேறு எங்கோ போய் உட்காரும். தினசரி ஓட்டத்துக்கும் இதையே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ரேஸ் நடுவில் ஷூ சதி செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைக்கிறவர்கள் 2015 பெர்லின் மாரத்தான் வீடியோவைத் தேடிப் பாருங்கள். கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேயின் இரண்டு ஷூவிலிருந்தும் உள்ளே போட்ட இன்சோல் வெளியே வந்து காது மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அந்த மனிதர் அப்படியே ஓடி 2:04:00ல் ஜெயித்தார். நானாக இருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

தம்பிக்கு என் பதில் இதுதான். அந்த மூன்றில் 214 கிராமுக்குத்தான் அடிப்பாகம் அகலம், முதலில் அதை மாட்டிப் பார். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் பிளேட் இல்லாத பீபா ஷூ, நைலான் பிளேட் ஷூ எல்லாம் இருக்கின்றன. உன் பேஸுக்கு அவை கொஞ்சமும் கேவலம் இல்லை, லாங் ரன்னுக்கும் உழைக்கும். கலர் பிடிக்கவில்லை என்று மட்டும் திரும்பி வராதே.

அகலப் பாதக்காரர்கள், உள்பக்கம் சாய்கிறவர்கள், எதைப் போட்டு ஓடினீர்கள், 30 கிலோமீட்டருக்கு மேல் அது எப்படி நடந்துகொண்டது, எத்தனை கிலோமீட்டரில் ஃபோம் செத்தது என்று கீழே சொல்லுங்கள். எடையைச் சொல்ல வேண்டாம்.