நாங்கள் படாத கஷ்டமா?

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் காய்ச்சலோடு வந்து விடுப்பு கேட்டால், "நாங்கள் எல்லாம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து வேலை பார்த்தவர்கள்தான்" என்று மூத்தவர் ஒருவர் சொல்வார். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ராகிங்கில் அழுத பையனே அடுத்த வருடம் ஜூனியர்களை வரிசையாக நிறுத்துகிறான். கஷ்டம் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கஷ்டம் ஆளைக் கல்லாக்கவும் செய்யும். நான் பட்டேனே, இவன் பட்டால் என்ன என்று நினைக்கிறோமா, இவனாவது படாமல் இருக்க வழி உண்டா என்று பார்க்கிறோமா? ஒருவரின் மனப்பான்மை தெரிவது இந்த இடத்தில்தான்.

இதை யோசிக்கும்போதெல்லாம் டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வருவார். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) படித்து அங்கேயே பணியில் இருந்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதற்கே பல அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன.

அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். "உங்களால் முடியும்" என்று மேரியிடம் சொன்னவர் அவர்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அந்த நாளில் தொழுநோயாளியைத் தொட மருத்துவர்களே தயங்குவார்கள். ஊரை விட்டு விலக்கப்பட்ட அந்த மனிதர்களுக்கு, நடக்க முடியாத ஒரு டாக்டர் வந்து கையைச் சரிசெய்துகொடுத்தது எவ்வளவு பெரிய தெம்பாக இருந்திருக்கும்!

அவர் அதோடு நின்றிருந்தாலே போதும், நாம் கொண்டாடியிருப்போம். ஆனால் தன்னைப் போல முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, அறுபதுகளின் தொடக்கத்தில் சிஎம்சியில் அதற்கென்று ஒரு துறையை வழிநடத்தத் தொடங்கினார். 1966இல் வேலூரின் பாகாயம் பகுதியில் மறுவாழ்வு மையம் வந்தது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், லாரி மோதியவர் என்று எத்தனையோ பேருக்குப் படுக்கையை விட்டு எழ அங்கே வழி கிடைத்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சரி, இதைச் சொல்லிவிட்டு "பார், மனது வைத்தால் எல்லாம் முடியும்" என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிறைய பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். மேரிக்கு அசாத்தியமான மனத்திடம் இருந்தது உண்மை. கூடவே சிகிச்சை இருந்தது, நாற்காலி இருந்தது, வேலையைத் திரும்பக் கொடுத்த மருத்துவமனை இருந்தது, நம்பிய ஒரு மனிதர் இருந்தார். இவை எதுவும் இல்லாமல் ஒரு குடிசையில் படுத்திருப்பவரிடம் போய் "பாசிட்டிவாக இருங்கள்" என்று சொல்வது கொடுமை. அவரிடம் குறைவது மனத்திடம் அல்ல. வளர வேண்டியது முதலில் நம் மனப்பான்மைதான்.

பொதுக் கட்டிடங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்னும் எத்தனை அலுவலகங்களில் படி மட்டும்தான் இருக்கிறது! உங்கள் ஊர்ப் பள்ளியிலோ வங்கியிலோ சரிவுப்பாதை இல்லை என்றால் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.