முதல் சிங்கிள் சொந்தப் பாட்டாக இருக்கட்டும்

கோயமுத்தூரில் இப்போது நிறைய பேண்டுகள் இருக்கின்றன. பீளமேடு, சரவணம்பட்டி, ஈச்சனாரி என்று எந்தப் பக்கத்துக் காலேஜ் கல்ச்சுரல்ஸுக்குப் போனாலும் கிட்டாரும் டிரம்ஸுமாக ஒரு கூட்டம் மேடையேறுகிறது. நன்றாகவும் வாசிக்கிறார்கள். கணபதிப் பக்கம் நான் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருப்பதால் இவர்களில் சிலர் என்னிடம் வருவதுண்டு. வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, ஒரு கவர் பண்ணி ரிலீஸ் பண்ணலாம்னு இருக்கோம்ங்ண்ணா." கவர் என்றால், ஏற்கெனவே வந்த அடுத்தவர் பாட்டைத் தாங்கள் வாசித்துப் பாடுவது.

எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்று. அதற்கு டிஸ்டார்ஷன் கிட்டார், நடுவில் ஒரு சோலோ, கடைசியில் வேகத்தைக் கூட்டி ஒரு முடிப்பு. இதுதான் அவர்களுடைய முதல் சிங்கிளாம், அதாவது ஆல்பமாக இல்லாமல் தனியாக வெளியிடுகிற முதல் பாட்டு.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. மேடையில் எத்தனை கவர் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், கை பழகும், கூட்டத்தைப் பிடிக்கத் தெரியும். ஆனால் பேண்டின் பெயரைப் போட்டு முதன்முதலாக வெளிவருவது சொந்தப் பாட்டாகத்தான் இருக்க வேண்டும். சுமாராக இருந்தாலும் சரி, நூறு பேர்தான் கேட்பார்கள் என்றாலும் சரி.

"சொந்தப் பாட்டை யாருங்ண்ணா கேப்பாங்க? தெரிஞ்ச பாட்டுன்னாத்தான் தேடறப்ப நம்மளுதும் வரும்" என்று உடனே பதில் வரும். அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்கு நான் எப்போதும் சொல்வது பீட்டில்ஸின் முதல் சிங்கிள் வெளிவந்த கதை. அவர்களைத் தெரியாதவர் இல்லை, ஆனால் இந்தக் கதை நம் பையன்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா என்ற இசை நிறுவனத்துக்கு அவர்கள் ஆடிஷன் கொடுத்தார்கள். பாடியது 15 பாட்டுகள். அதில் பேண்டின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதியவை மூன்றே மூன்று, மீதியெல்லாம் அடுத்தவர் பாட்டு. டெக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஜெயித்திருக்க வேண்டிய ஆடிஷனைக் கவர் பாட்டுகள் கெடுத்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊரறிந்த பாட்டைப் பாடினால் கதவு தானாகத் திறக்கும் என்ற நம்பிக்கை அன்றைக்கே அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

அப்புறம் பார்லஃபோன் என்ற இன்னொரு இசை நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டின் அவர்களை எடுத்துக்கொண்டார். ஜூன் 6-ஆம் தேதி முதல் ரெக்கார்டிங். அதில் 'லவ் மீ டூ'வையும் பாடிக் காட்டினார்கள். பால் மெக்கார்ட்னி பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்த பாட்டு அது. கிட்டாரில் மூன்று கார்டுதான் (chord), வார்த்தைகளும் மிகச் சாதாரணம். மார்ட்டினுக்கு அது போதவில்லை. மிட்ச் மர்ரே என்ற பாடலாசிரியர் எழுதிய 'ஹௌ டூ யூ டூ இட்' என்ற பாட்டை அவர்களிடம் கொடுத்து, கற்றுக்கொண்டு வரச் சொன்னார். இது நிச்சயம் ஹிட் ஆகும் என்பது அவர் கணிப்பு.

இனிமேல் நடந்ததைத்தான் நான் பையன்களிடம் அழுத்திச் சொல்வேன். அவர்கள் முரண்டு பிடிக்கவில்லை. கொடுத்த பாட்டைக் கற்றுக்கொண்டார்கள், செப்டம்பர் 4-ஆம் தேதி ஒழுங்காகப் பாடிப் பதிவும் செய்து கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, இது வேண்டாம், எங்கள் பாட்டே வரட்டும் என்று கேட்டார்கள். லிவர்பூலிலிருந்து வந்த, இன்னும் ஒரு சிங்கிள்கூட வெளியிடாத நாலு பையன்கள், தங்களுக்கு வாழ்வு கொடுக்க வந்த தயாரிப்பாளரிடம், ஹிட் என்று அவரே சொல்கிற பாட்டை வேண்டாம் என்கிறார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கடைசியில் மார்ட்டின் விட்டுக்கொடுத்தார்.

பாட்டுக்குள்ளும் ஒரு சிக்கல் இருந்தது. மவுத் ஆர்கன் வாசித்தவரும் லெனன், பல்லவியின் கடைசி அடியைத் தனியாகப் பாடிவந்தவரும் லெனன். 'டூ' என்று முடிகிற அதே இடத்தில் மவுத் ஆர்கன் தொடங்க வேண்டும். ஒரே வாய் எப்படி இரண்டையும் செய்யும்? அந்த அடியைப் பால் பாடட்டும் என்று மார்ட்டின் அந்த இடத்திலேயே மாற்றினார். அதுவரை அதைத் தனியாகப் பாடிப் பழகியிராத பாலுக்கு உதறல். தன் குரலில் இருக்கும் நடுக்கம் இன்னமும் தனக்குக் கேட்கிறது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், இசையெல்லாம் நின்று பால் மட்டும் ஒலிக்கிற அந்த இடம் சட்டென்று பிடிபடும். யாரோ முன்பே பாடி வைத்த பாட்டில் அப்படி ஒரு நடுக்கம் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

டிரம்ஸ் கதை இதைவிடக் கஷ்டமானது. ஜூனில் வாசித்தவர் பீட் பெஸ்ட். ஆகஸ்டில் அவரைப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். செப்டம்பர் 4-இல் ரிங்கோ வாசித்தார். அதிலும் திருப்தி இல்லாமல், செப்டம்பர் 11-ஆம் தேதி ஆண்டி வைட் என்ற ஸ்டூடியோ டிரம்மரை வரவழைத்து உட்கார வைத்தார்கள். ரிங்கோ கையில் ஒரு டாம்பூரின். பேண்டில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தன் முதல் சிங்கிளில் இன்னொருவர் வாசிக்க, அவர் ஓரமாக நின்று டாம்பூரின் தட்டியிருக்கிறார். அந்த வருத்தத்தைப் பல வருடங்கள் கழித்தும் அவர் மறைக்கவில்லை. ஆனால் 1962 அக்டோபர் 5-இல் சிங்கிள் வெளியானபோது முதல் அச்சில் வந்தது ரிங்கோ வாசித்ததுதான். அடுத்த வருடம் ஆல்பத்தில் போட்டது ஆண்டி வைட் வாசித்தது. டாம்பூரின் சத்தம் கேட்டால் அது ஆண்டி வைட் டேக், கேட்காவிட்டால் ரிங்கோ.

இங்கிலாந்துப் பட்டியலில் அந்தப் பாட்டு எட்டிய உயரம் 17-ஆம் இடம். அவ்வளவுதான். அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது 1964-இல், அவர்கள் அங்கே பேர் வாங்கிய பிறகு. ஆனால் அந்த 17-ஆம் இடம் வந்ததால்தான் அடுத்த சிங்கிளுக்கும் சொந்தப் பாட்டையே நீட்ட முடிந்தது. மெதுவாக இருந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யை வேகமாக்கச் சொன்னார் மார்ட்டின், ஆக்கினார்கள். 1963 ஜனவரியில் வந்து பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் பிடித்தது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பீட்டில்ஸ் ஒதுக்கிய 'ஹௌ டூ யூ டூ இட்' வீணாகப் போகவில்லை. அதே லிவர்பூல்காரர்களான ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் அதையே தங்கள் முதல் சிங்கிளாக வெளியிட்டு, 1963-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய முதல் மூன்று சிங்கிள்களும் முதலிடம். மார்ட்டின் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. ரோலிங் ஸ்டோன்ஸ்கூட 1963-இல் சக் பெர்ரியின் பாட்டை எடுத்துத்தான் முதல் சிங்கிளை வெளியிட்டார்கள். ஆக, அடுத்தவர் பாட்டில் தொடங்கினால் உருப்பட மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டோன்ஸுக்கு அந்த முதல் சிங்கிளே பிடிக்காமல் போய், மேடையில் அதை வாசிக்க மறுத்தார்கள். முதல் பாட்டைத் தாங்களே பாட விரும்பாத நிலை எந்தப் பேண்டுக்கும் வரக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத வைத்ததே ஒரு பேண்டுதான். பெயரைப் பாட்டு வரும் வரைக்கும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சோமனூர், பல்லடம், சூலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் வீட்டில் விசைத்தறி. கூலி உயர்வு கேட்டு 2022-இலும் 2025-இலும் அந்தப் பக்கம் தறிகள் வாரக்கணக்கில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன், 2025-இல் தறி நின்ற ராத்திரிகளில் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறான். அப்போது எழுதியதுதான் அந்தப் பாட்டு. ராத்திரி ஷிப்ட் முடிந்து அம்மா காதில் இருக்கிற பஞ்சை எடுத்துவிட்டு டீ வைப்பதில் தொடங்குகிறது. அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது. எனக்குக் கேட்டதும் பிடித்துவிட்டது.

அதன் தாளத்தை எப்படிப் பிடித்தார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் தறி ஓடுகிற சத்தத்தை போனில் பதிந்து கொண்டுவந்தார்கள். ஒரே இரைச்சல், எதற்கும் உதவவில்லை. அப்புறம் டிரம்மர் பையன் போய் தறிக்குடோனில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, ஒன்று சற்று முந்தும், ஒன்று சற்றுப் பிந்தும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாக விழும், மறுபடி விலகும். அதை அவன் அப்படியே டிரம்ஸில் கொண்டுவந்திருக்கிறான். ஃப்ளோர் டாமில் ஒரு தறி, மூடிய ஹை-ஹாட்டில் இன்னொரு தறி. ஸ்நேர் ஒரு நூல் பிந்தி விழுகிறது. எட்டாவது சுற்றில் எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது கிட்டார் நுழைகிறது.

இதைத்தான் ஒரு தெரிந்த மியூசிக் ஆள், டிரம்மர் தடுமாறுகிறான், கம்ப்யூட்டரில் டிரம்ஸ் புரோகிராம் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். எல்லா அடியையும் கம்ப்யூட்டர் காட்டும் சீரான தாளக் கட்டத்தில், அதாவது கிரிட்டில், இழுத்து ஒட்டிவிட்டால் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் தறி இருக்காது. அந்தப் பையன் என் ரூமில் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு ரிங்கோவின் டாம்பூரின்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் அந்தக் கதையை அன்றைக்கு அவர்களிடம் முழுதாகச் சொன்னேன்.

இவ்வளவு நல்ல பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு சினிமாக் கவர், ஆள் சேர்ந்த பிறகு இது என்று அவர்கள் யோசிக்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்வது எப்படி என்று அந்தப் பையனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், தறியும் உழைப்பும் நம்முடையது, துணி அவருடையது, நமக்குக் கூலி. கவர் பாட்டும் அப்படித்தான். யூடியூபில் ஏற்றியதும் இசை நிறுவனம் உரிமை கோரும், வருகிற வருமானம் அங்கே போகும். கூலியாவது வருமா என்றால் அதுவும் பல நேரம் வராது. சட்டப்படி பார்த்தாலும் விஷயம் லேசில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, ஒரு பாட்டு முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகுதான் அதற்குக் கவர் பதிவு செய்ய இடம் கொடுக்கிறது, அதுவும் முன்கூட்டியே அறிவித்து, ராயல்டி கட்டி.

பீட்டில்ஸும் இந்த விஷயத்தில் நிறையப் பறிகொடுத்தவர்கள்தான். அவர்களுடைய பெரும்பாலான பாட்டுகளின் வெளியீட்டு உரிமை கைமாறிக் கைமாறி 1985-இல் மைக்கேல் ஜாக்சனிடம் போனது. முதல் சிங்கிளின் இரண்டு பக்கப் பாட்டுகள் மட்டும் வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், பின்னாளில் அவை பாலின் சொந்த நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தன.

பெரிய ஊரில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று சொல்பவர்களுக்காக ஒரு விஷயம். அமெரிக்காவில் ஏதென்ஸ் என்ற காலேஜ் ஊரிலிருந்து வந்த ஆர்.ஈ.எம். பேண்டு 1981-இல் தன் முதல் சிங்கிளைப் பதிவு செய்தது, ஒருவர் தன் அப்பா அம்மா வீட்டு கராஜில் வைத்திருந்த ஸ்டூடியோவில். அது அவர்கள் சொந்தப் பாட்டு. வார்த்தைகள் பாதி புரியாது. அதை வைத்துத்தான் அவர்கள் வெளியே தெரிந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், அவியல் பேண்டு 2008-இல் முழுக்க மலையாளத்திலேயே ஒரு ராக் ஆல்பம் போட்டதையும் பார்த்தோம். நம் காலேஜ் மேடைகளில் அந்தப் பாட்டுகளைக் கவராக வாசிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். கொங்குப் பேச்சில் பாடின ஒரு ராக் பாட்டைக் கேரளத்துப் பையன்கள் கவராக வாசிக்க வேண்டாமா?

சோமனூர்ப் பிள்ளைகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. பேசிவிட்டு வருகிறோம் என்று போயிருக்கிறார்கள். நான் சொல்லி அனுப்பியது இரண்டு. வெளியிடுவதற்கு முன்னால் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எப்படி என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், டிரம்மரும் சேர்த்து. பெயர்களின் எழுத்தையும் சரிபாருங்கள். 'லவ் மீ டூ' விளம்பரப் பிரதி 250 அச்சடித்தபோது மெக்கார்ட்னி பெயரையே தப்பாகப் போட்டிருந்தார்கள்.

டிரம்ஸை மட்டும் அடுத்த வாரம் மறுபடி எடுக்கிறோம். காதில் சீராகத் தாளம் தட்டுகிற கிளிக் சத்தம் இல்லாமல், அவன் தறிக்குடோனில் கேட்டது போலவே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் சொந்தப் பாட்டு வைத்துக்கொண்டு தயங்குகிற வேறு பேண்டுகள் இருந்தால் அவர்களும் எழுதுங்கள். டிரம்ஸ் செட்டும் பேஸ் ஆம்பும் ரூமிலேயே இருக்கின்றன, கிட்டார் மட்டும் கொண்டுவந்தால் போதும்.