எக்ஸ்டென்ஷன்கள் அழியவில்லை, முடங்கித்தான் இருக்கின்றன

லினக்ஸ் கணினியின் டெஸ்க்டாப்பான க்னோமை 45-ஆம் பதிப்புக்கு மேம்படுத்தினால், நாம் நிறுவிய எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மேம்படுத்தியதும் மேல்பட்டை வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கோப்புகள் எதுவும் அழிவதில்லை.

சரிபார்ப்பது சுலபம். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்துங்கள். மறைந்திருக்கும் டாட் லோக்கல் (.local) ஃபோல்டருக்குள் ஷேர், அதற்குள் க்னோம்-ஷெல், அப்புறம் எக்ஸ்டென்ஷன்ஸ். எல்லாம் அங்கேயே இருக்கும். ஏதாவது ஒன்றில் மெட்டாடேட்டா (metadata.json) கோப்பைத் திறந்து ஷெல்-வெர்ஷன் வரியைப் பாருங்கள். 44-உடன் நின்றிருந்தால், அந்த எக்ஸ்டென்ஷன் முடங்கியதற்கு அதுதான் காரணம். அங்கே 45 என்று நாமே சேர்த்தாலும் பலன் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த அந்தப் பதிப்பில் எக்ஸ்டென்ஷனை ஏற்றும் முறையே மாறிவிட்டது, எழுதியவர்தான் புதுப்பித்துத் தர வேண்டும். தயவுசெய்து பயந்துபோய் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.